நிறைமாதத்தில் வயிறு இறுகும்போது: சூட்டு வலியையும் பேறுகால வலியையும் பிரித்தறிவது

பாம்பனிலிருந்து ஓர் இளம்பெண் கேட்டிருக்கிறார். அவருக்கு இது தலைச்சன் பிள்ளை. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணினால் 37 வாரமும் 4 நாளும் ஆகியிருக்கின்றன. மூன்று இரவுகளாக வயிறு அவ்வப்போது கல்போல் இறுகுவதும் பிறகு தளர்வதுமாக இருக்கிறது. மாமியார் இது சூட்டு வலிதான் என்று சீரகக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்ணோ, இப்போதே ராமநாதபுரம் போய்ச் சேர்ந்துவிடு என்கிறார். கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். எது உண்மையான வலி, எந்த நேரத்தில் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும் என்பதுதான் அவருடைய கேள்வி.

நான் ராமநாதபுரம் கடற்கரைக் கிராமங்களில் 31 ஆண்டுகள் சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தக் கேள்வியைத் திண்ணையிலும், அங்கன்வாடி வாசலிலும், நள்ளிரவுத் தொலைபேசியிலும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 37 வாரம் முடிந்த பிறகு வரும் வலியைக் கடிகாரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க உங்களுக்கு அவகாசம் உண்டு. ஆனால் நீர் கசிந்தாலோ, இரத்தம் போனாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, வலி வந்த பிறகு போகலாம் என்று வீட்டில் இருக்கக் கூடாது. நான் பார்த்த துயரங்களில் பெரும்பாலானவை வலியைத் தவறாகக் கணித்ததால் வந்தவை அல்ல. வலியே இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று நினைத்ததால் வந்தவை.

உங்கள் மாமியார் சொல்லும் சூட்டு வலி கற்பனையன்று. கருப்பை என்பது ஒரு தசைப்பை. அது பேற்றுக்குப் பல வாரங்களுக்கு முன்பிருந்தே அவ்வப்போது இறுகித் தளரும். 1872-இல் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விவரித்து எழுதியதால் மருத்துவ நூல்களில் அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. நம் அப்பத்தாக்கள் அதற்கு முன்பே இதை அறிந்து, உடம்புச் சூட்டினால் வருகிறது என்று எண்ணிச் சூட்டு வலி என்றார்கள். உடம்பில் நீர் குறையும்போது இந்த இறுக்கம் அதிகமாகிறது என்பதால் அந்தப் பெயரில் ஓரளவு பொருளும் இருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில், குடிநீர்க் குடத்துக்காக நெடுநேரம் காத்து நிற்கும் ஊர்களில், மாலை ஆனதும் வயிறு இறுகுகிறது என்று வரும் பெண்களுக்கு நாங்கள் முதலில் கொடுத்தது தண்ணீர்தான். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலும், நெடுநேரம் நின்றிருந்தாலும், பிள்ளை புரண்டாலும் இந்த இறுக்கம் வரும். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ காய்ச்சலோ சேர்ந்திருந்தால் அது சிறுநீர்ப்பாதைத் தொற்றாகவும் இருக்கலாம்; அதற்குச் சிறுநீர்ப் பரிசோதனையும் மருந்தும் தேவை, கஷாயம் போதாது.

இந்த இறுக்கத்துக்கும் பேறுகால வலிக்கும் உள்ள வேறுபாடு வலியின் அளவில் இல்லை. சூட்டு வலியும் சிலருக்குக் கண்ணீர் வருமளவுக்கு வலிக்கும். மெய்யான வலியும் தொடக்கத்தில் மாதவிடாய் வலி அளவுக்குத்தான் இருக்கும். மெய்யான வலி கருப்பை வாயை மெலியச் செய்து, மெல்ல மெல்லத் திறக்கிறது. அந்த வேலையைச் செய்வதற்காக அது ஓர் ஒழுங்குக்கு வருகிறது, போகப் போக நீள்கிறது, நெருங்குகிறது, வலுக்கிறது. சூட்டு வலிக்கு இந்த வளர்ச்சி கிடையாது. ஆகவே ஒரு வலியை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது; அனுபவம் மிகுந்த மருத்துவரும் வரமாட்டார். ஒரு மணி நேரத்தில் வந்த வலிகளை வரிசையாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அதை வீட்டிலேயே பார்க்கும் முறை இதுதான். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, உள்ளங்கையை வயிற்றின் மேற்பகுதியில், கருப்பையின் உச்சியில் வையுங்கள். விரல் நுனியால் மெல்ல அழுத்திப் பாருங்கள். செவிலியர் பயிற்சியில் எங்களுக்கு ஓர் எளிய ஒப்புமை சொல்லிக் கொடுத்தார்கள். மூக்கு நுனியைத் தொட்டால் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு அமுங்கினால் அது மெலிந்த இறுக்கம். மோவாயைத் தொட்டதுபோல் இருந்தால் நடுத்தரம். நெற்றியைத் தொட்டதுபோல் விரல் சற்றும் உள்ளே போகாவிட்டால் வலுவான இறுக்கம். மெய்யான வலியில் வயிறு முழுவதும் ஒருசேர இறுகி, உச்சத்துக்குப் போய், முழுதாகத் தளரும். வயிற்றின் ஒரு பக்கம் மட்டும் புடைத்து நின்றால் அது பெரும்பாலும் பிள்ளையின் முதுகோ முழங்காலோதான்.

கை வயிற்றில் இருக்க, கண் கடிகாரத்தில் இருக்கட்டும். இறுகத் தொடங்கிய நேரத்தையும் தளர்ந்த நேரத்தையும் தினசரி நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் யாரையாவது எழுதச் சொல்லுங்கள். இங்கே பலர் ஒரு பிழை செய்கிறார்கள்: ஒரு வலி முடிந்ததிலிருந்து அடுத்த வலி தொடங்கும் வரை எண்ணுகிறார்கள். அப்படி அன்று, ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்த வலி தொடங்கும் வரை எண்ண வேண்டும். 9.10, 9.32, 9.38, 10.05 என்று ஏறுக்குமாறாகவும், ஒன்று 20 வினாடி, மற்றொன்று 50 வினாடி என்றும் வந்தால் அது பெரும்பாலும் சூட்டு வலி. 9.10, 9.20, 9.29, 9.38, 9.46 என்று நெருங்கிக்கொண்டே வந்து, ஒவ்வொன்றும் 40 வினாடியிலிருந்து ஒரு நிமிடத்தை நோக்கி நீண்டால் அது பேறுகால வலி. இரவு வேளையில் ஒரு வீட்டுத் திண்ணையில் இப்படி ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மாமியாரின் கையையும் பிடித்து அந்த வயிற்றின் மேல் வைத்து, மூவருமாக எண்ணியது நினைவிருக்கிறது. ஏழாவது வலியில் மாமியார் தாமாகவே எழுந்துபோய்ப் பையை எடுத்து வைத்தார். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சீரகக் கஷாயம் குடித்துப் பார்ப்பது தவறில்லை. வெதுவெதுப்பான நீரைக் குடித்து, சிறுநீர் கழித்துவிட்டு, ஒரு மணி நேரம் படுத்திருந்தால் சூட்டு வலி பெரும்பாலும் அடங்கும். நடந்து கொண்டிருக்கும்போது வந்தது உட்கார்ந்தால் போகும், உட்கார்ந்திருந்தபோது வந்தது நடந்தால் போகும். பேறுகால வலி எதற்கும் அசையாது, தூங்கியவரையும் எழுப்பிவிடும். மருத்துவமனையிலும் ஏறத்தாழ இதே சோதனையைத்தான் செய்கிறோம். அங்கே கஷாயம் இருக்காது, அவ்வளவே. ஆனால் கஷாயத்தை ஒரு முறை கொடுத்துப் பார்த்துவிட்டு வலி நிற்கவில்லை என்றால் மறுபடி மறுபடி கொடுத்து விடியும் வரை பார்ப்பது சரியன்று. நீர் கசிவுக்கும் இரத்தப்போக்குக்கும் இந்தச் சோதனை பொருந்தவே பொருந்தாது.

வலி எங்கே தொடங்குகிறது என்பதும் துணை செய்யும். சூட்டு வலி பெரும்பாலும் முன்வயிற்றிலோ தொடை இடுக்கிலோ நிற்கும். பேறுகால வலி பலருக்கு நடு இடுப்பின் பின்பக்கத்தில் தொடங்கி, இரு புறமும் சுற்றிக்கொண்டு அடிவயிற்றுக்கு வரும். இதை எல்லோருக்கும் பொருந்தும் விதியாகக் கொள்ள வேண்டாம். சிலருக்கு முழுப் பேறுகாலமும் இடுப்பு வலியாகவே கழியும். இதைச் சொல்லும்போது மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கப் போகும் பெண்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. முங்கி முங்கிப் பாசி அறுத்து, மூட்டை சுமந்து, ஆண்டு முழுதும் இடுப்பு நோவோடு வாழ்கிறவர்கள், நிறைமாதத்தில் வரும் இடுப்பு வலியையும் வழக்கமான நோவு என்றே ஒதுக்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லிவந்தது ஒன்றுதான்: வேலையால் வரும் இடுப்பு நோவு விட்டுவிட்டு வராது, ஒரே சீராக இருக்கும்; பேறுகால இடுப்பு வலி அலைபோல் ஏறும், இறங்கும், இடையில் முற்றிலும் விட்டுவிடும், அது ஏறும்போது வயிறும் கூடவே இறுகும். முதுகில் ஒரு கையும் வயிற்றில் ஒரு கையும் வைத்தால் தெரிந்துவிடும்.

அடுத்து, தீட்டுப் படுதல். கர்ப்ப காலம் முழுதும் கருப்பை வாயை அடைத்துக்கொண்டு கெட்டியான சளி இருக்கும். வாய் மெலியத் தொடங்கும்போது அது கழன்று வரும். இளஞ்சிவப்பாகவோ, பழுப்பாகவோ, இரத்தக் கோடு படிந்தோ, மூக்குச் சளிபோல் இழுபட்டு இருக்கும். அன்றே பேறு ஆகலாம், ஒரு வாரம் கழிந்தும் ஆகலாம். தனியே இது மட்டும் வந்தால் பதறிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. உங்கள் பகுதிச் செவிலியரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டு, பையைத் தயாராக வைத்துக்கொண்டு, வலியைக் கவனித்தால் போதும். ஆனால் சளியில் இரத்தம் கலந்திருப்பது வேறு, இரத்தமே போவது வேறு. துணியில் ஒரு கறையாக நிற்காமல் சொட்டினாலோ, வழிந்தாலோ, கட்டியாக வந்தாலோ அது தீட்டு அன்று, இரத்தப்போக்கு. வலியில்லாமல் பளிச்சென்ற சிவப்பில் இரத்தம் போனால் நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக் கிடக்கலாம். வயிறு தளராமல் பலகைபோல் இறுகி நின்று வலித்தால் நஞ்சுக்கொடி பிள்ளை பிறக்கும் முன்பே பிரிந்திருக்கலாம். இரண்டும் தாயையும் பிள்ளையையும் ஒருசேர இழக்கக்கூடிய நிலைகள். உடனே 108-ஐ அழையுங்கள்.

வயிறு இறங்குவது, மூச்சு முட்டுவது குறைவது, அடிக்கடி சிறுநீர் வருவது, வயிற்றுப்போக்கு, காரணம் தெரியாத பரபரப்பு ஆகியவையும் நாள் நெருங்குவதைக் காட்டுபவையே. தலைச்சனுக்கு வயிறு இரண்டு முதல் நான்கு வாரம் முன்பே இறங்கலாம். அடுத்த பேறுகளில் வலி தொடங்கிய பிறகுகூட இறங்கும். இவற்றை வைத்து எந்த நாள் என்று கணிக்க முடியாது. அட்டையில் எழுதியிருக்கும் தேதியும் அப்படித்தான். 280 நாள் கணக்கில் போடப்படும் அந்தத் தேதியன்றே 100 பேரில் 5 பேருக்குக்கூடப் பேறு ஆவதில்லை.

பனிக்குடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் பனிக்குடம் உடைந்தால் குடம் கவிழ்ந்ததுபோல் கொட்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். சிலருக்கு அப்படிக் கொட்டும். பலருக்கு அது மேல்பக்கத்தில் சிறிதாகக் கிழிந்து, இருமும்போதும் எழும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நிறைமாதத்தில் சிறுநீர் தானாகச் சிறிது கசிவதும் வெள்ளைப்படுவதும் இயல்பு என்பதால் இதைக் கண்டுகொள்வது எளிதன்று. நான் சொல்லிக் கொடுத்த வழி இது: சிறுநீர் கழித்துவிட்டு, உலர்ந்த வெள்ளைப் பருத்தித் துணியையோ நாப்கினையோ வைத்துக்கொண்டு அரை மணி நேரம் படுத்திருங்கள். பிறகு எழுந்து நில்லுங்கள், இருமுங்கள். துணி மறுபடி நனைந்தால் அதைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், முகருங்கள். சிறுநீர் மஞ்சளாக இருக்கும், அதன் நெடி எல்லோருக்கும் தெரியும், அடக்கினால் நிற்கும். பனிக்குட நீர் நிறமற்ற தெளிந்த நீராக, சில நேரம் இளஞ்சிவப்பாக, சற்றே இனித்த வாடையோடு இருக்கும். எவ்வளவு அடக்கினாலும் நிற்காது. ஐயம் தீரவில்லை என்றால் அந்தத் துணியையும் எடுத்துக்கொண்டு போங்கள். துணியைக் கொண்டுவந்து காட்டிய பெண்ணை நான் ஒருபோதும் மிகையாகப் பயப்படுகிறவர் என்று நினைத்ததில்லை.

நிறைமாதம் ஆனவர்களில் 100 பேரில் ஏறத்தாழ 8 பேருக்கு வலி வருவதற்கு முன்பே பனிக்குடம் உடைகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்துக்குள் வலி தானாகத் தொடங்கிவிடும். ஆனால் குடம் உடைந்த நேரத்திலிருந்து கிருமி உள்ளே போகும் வழி திறந்துவிடுகிறது. நேரம் கூடக் கூடத் தொற்றும் கூடும். எனவே வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீர் எந்த நேரத்தில் உடைந்தது, என்ன நிறம் என்ற இரண்டையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். சற்றும் தாமதிக்கக் கூடாது. வீட்டில் யாரும் கையை உள்ளே விட்டுப் பார்க்கக் கூடாது. மிக அரிதாக, நீரோடு தொப்புள்கொடி கயிறுபோல் வெளியே வந்துவிடும். அப்படி வந்தால் அதை இழுக்கவோ உள்ளே தள்ளவோ வேண்டாம். முழங்காலையும் நெஞ்சையும் தரையில் ஊன்றி, இடுப்பை உயர்த்தி வைத்துக்கொண்டு 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

இதில் என் மனத்தை விட்டு அகலாத ஒரு நிகழ்ச்சி உண்டு. கடற்கரையோரக் கிராமம் ஒன்றில் தலைச்சன் பிள்ளைக்காரி ஒருத்தி, சூட்டு வலியைப் பேறுகால வலி என்று எண்ணி மூன்று முறை மருத்துவமனைக்குப் போய்த் திரும்பினாள். மூன்றாம் முறை அங்கிருந்த ஒருவர், வலி வந்த பிறகு வாம்மா, சும்மா சும்மா வராதே என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். நான்காம் முறை அவளுக்கு வலி வரவில்லை, நீர் கசிந்தது. சிறுநீராக இருக்கும், மறுபடி போய் ஏச்சு வாங்க முடியாது என்று பாவாடையை மாற்றி மாற்றி ஒரு பகலும் ஓர் இரவும் இருந்துவிட்டாள். மறுநாள் நான் வீடுகளைப் பார்த்து வரும்போது வாசல் கொடியில் காய்ந்த ஐந்து பாவாடைகளைக் கண்டுதான் உள்ளே போனேன். அவள் உடம்பு காய்ச்சலில் கொதித்தது. பிள்ளை பிழைத்தது; ஆனால் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பதினொரு நாள் ஊசியோடு கிடந்து பிழைத்தது. அந்த வெட்கத்தை அவளுக்குக் கொடுத்தவர் எங்கள் துறையைச் சேர்ந்தவர் என்பதை நான் மறக்கவே இல்லை. ஆகையால் உங்களிடம் வேண்டிக் கேட்கிறேன்: பத்து முறை போய்ப் பத்து முறையும் திரும்பி வந்தாலும், பதினோராம் முறை போகத் தயங்காதீர்கள். யார் கடிந்துகொண்டாலும் அது உங்கள் தவறன்று.

பிள்ளையின் அசைவைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இந்தக் கரை முழுதும் பரவியிருக்கிறது. கடைசி மாதத்தில் உள்ளே இடமில்லை, அதனால் பிள்ளை அடங்கிவிடும், பேறு நெருங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம் என்கிறார்கள். இது உண்மையன்று. அசையும் விதம் மாறலாம். துள்ளல் குறைந்து புரளலும் நெளிவும் கூடலாம். ஆனால் அசைவின் எண்ணிக்கை குறையக் கூடாது. வலி தொடங்கிய பிறகும் பிள்ளை அசைந்துகொண்டுதான் இருக்கும். சந்தேகம் வந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, இடப்பக்கம் படுத்து, வேறு எதிலும் கவனம் வைக்காமல் எண்ணுங்கள். 2 மணி நேரத்தில் 10 அசைவு தேறாவிட்டால் அன்றே, அந்த வேளையிலேயே போக வேண்டும். அசைவே இல்லை என்று தோன்றினால் அந்த 2 மணி நேரத்தையும் பார்க்க வேண்டாம். இதுபோலவே விடாத தலைவலி, கண் மங்கல் அல்லது கண்ணில் பூச்சி பறத்தல், முகமும் கையும் திடீரென்று வீங்குதல், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி ஆகியவை இரத்தக்கொதிப்பு ஏறியிருப்பதைக் காட்டும். 140/90 என்ற அளவே கர்ப்பிணிக்கு மிகுதி. இதைப் பித்தத் தலைவலி என்று சுக்குப் பற்றுப் போட்டுப் படுத்தவர்களுக்கு வலிப்பு வந்து பார்த்திருக்கிறேன்.

இனி, எப்போது புறப்படுவது என்பது. தலைச்சன் பிள்ளைக்கு 5 நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படியே ஒரு மணி நேரம் வந்தால் கிளம்பலாம் என்பது எங்கும் சொல்லப்படும் கணக்கு. அது மருத்துவமனை பக்கத்திலேயே இருப்பவர்களுக்கான கணக்கு. நீங்கள் இருப்பது தீவில். பேறு பார்க்க ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று முடிவு செய்திருந்தால், பாலத்தைக் கடந்து 40 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். 1988-இல் சாலைப் பாலம் திறக்கும் வரை வலி வந்த பெண்ணை ரயிலிலோ படகிலோதான் அக்கரையில் உள்ள மண்டபம் ஊருக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. 2008-இல் 108 வந்த பிறகு நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனாலும் வண்டி வந்து சேர ஒரு நேரம், போய்ச் சேர ஒரு நேரம் என்று கூட்டிப் பாருங்கள். அதனால் உங்களைப் போன்றவர்கள் 10 நிமிடத்துக்கு ஒரு முறை ஒழுங்காக வரத் தொடங்கி ஒரு மணி நேரம் நிற்காவிட்டாலே புறப்பட வேண்டும் என்பது என் கருத்து. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வரும் நாட்களில் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்துவதும் உண்டு. அப்போது நாள் நெருங்கியவர்கள் வலியை எதிர்பார்க்காமல் முன்கூட்டியே அக்கரையில் உறவினர் வீட்டிலோ மருத்துவமனையிலோ இருந்துகொள்வது நல்லது.

எல்லோரும் இந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாம், மூன்றாம் பிள்ளைக்காரிகளுக்குக் கருப்பை வாய் விரைவாகத் திறக்கும்; அவர்கள் வலி ஒழுங்குக்கு வந்ததும் கிளம்பிவிட வேண்டும். முன்பு அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்றவர்கள் முதல் வலியிலேயே போக வேண்டும், ஏனெனில் பழைய தையல் வடு வலியின் அழுத்தத்தில் விட்டுப்போகலாம். இரட்டைப் பிள்ளை, தலை திரும்பாத பிள்ளை, இரத்தக்கொதிப்பு, சர்க்கரை, இரத்தச் சோகை என்று அட்டையில் குறிப்பு இருப்பவர்களும் அப்படியே. 37 வாரம் முடியாதவர்களுக்குச் சூட்டு வலி என்று வீட்டில் வைத்துப் பார்ப்பதே கூடாது. ஒரு மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் இறுகினால் உடனே காட்ட வேண்டும். குறைமாதப் பிள்ளையின் நுரையீரல் பக்குவப்பட 34 வாரம் வரை தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அது வேலை செய்யச் சற்று நேரம் வேண்டும், கடைசி நிமிடத்தில் போனால் அதன் பயன் முழுதாகக் கிடைக்காது.

மருத்துவமனையில் உங்களைப் பார்த்துவிட்டு, வாய் இன்னும் 2 சென்டிமீட்டர்தான் திறந்திருக்கிறது, நேரமாகும் என்று சொல்லக்கூடும். அதில் கலங்க வேண்டாம். வலி வேகம் பிடிக்கும் கட்டம் 5 சென்டிமீட்டரில் தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வகுத்திருக்கிறது. அதற்கு முந்தைய கட்டம் எவ்வளவு நேரம் நீளும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். 5 சென்டிமீட்டருக்குப் பிறகு முழுதாகத் திறக்கத் தலைச்சனுக்குப் பொதுவாக 12 மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை. தொடக்க கட்டத்தில் இட்லியோ கஞ்சியோ சாப்பிடலாம், தண்ணீர் குடிக்கலாம், நடக்கலாம், முடிந்தால் தூங்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்க வேண்டும். யார் சொன்னாலும் இப்போதே முக்கக் கூடாது. வாய் முழுதும் திறக்கும் முன் முக்கினால் சோர்வும் வீக்கமும்தான் மிஞ்சும். வலியை வரவழைக்க விளக்கெண்ணெய் குடிக்கக் கூடாது. அது வயிற்றைக் கலக்கி, உடம்பின் நீரை வற்றச் செய்து, பேற்றுக்குத் தேவையான தெம்பை முன்கூட்டியே உறிஞ்சிவிடும்.

ராமேசுவரம் பகுதி விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை திரும்பும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலமாக இருந்தால் கணவர் வீட்டில் இருப்பார். மற்ற மாதங்களில் அந்த மூன்று இரவுகளுக்கும் உங்களோடு வரக்கூடிய இன்னொருவர் யார் என்பதை இன்றே பேசி வையுங்கள். தாய் சேய் நல அட்டை, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்), ஸ்கேன் அறிக்கைகள், இரத்த வகைச் சீட்டு, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், துவைத்து வெயிலில் காயவைத்த பருத்தித் துணிகள் ஆகியவை ஒரே பையில் இருக்கட்டும்.

உங்கள் மூன்று இரவு இறுக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் நேரக் கணக்கு இல்லை. நீர்க் கசிவோ இரத்தமோ இல்லை, பிள்ளை நன்றாக அசைகிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். பகலில் அடங்கி இரவில் மட்டும் வருவதைப் பார்த்தால் சூட்டு வலியாகவே தோன்றுகிறது. இருந்தாலும் நாளைக் காலையில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் இரத்தக்கொதிப்பையும், பிள்ளையின் இதயத் துடிப்பையும், சிறுநீரையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றிரவு இறுக்கம் வந்தால் இரண்டு குவளைத் தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்துவிட்டு, இடப்பக்கம் படுத்து, கையை வயிற்றின் உச்சியில் வைத்து ஒரு மணி நேரம் எழுதுங்கள். உங்கள் மாமியாரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். 10 நிமிடத்துக்கு ஒன்றாக ஒரு மணி நேரம் விடாமல் வந்தால் 108-ஐ அழைத்து, எத்தனை வாரம், எத்தனையாவது பிள்ளை, எத்தனை நிமிடத்துக்கு ஒரு வலி, நீர் உடைந்ததா, என்ன நிறம் என்ற ஐந்தையும் சொல்லி, தெருப் பெயரோடு வண்டி ஓட்டுநருக்குத் தெரியும் ஓர் அடையாளத்தையும் சொல்லுங்கள். ஒருவரைக் கைவிளக்கோடு தார்ச்சாலை முனையில் நிறுத்தி வையுங்கள். கடற்கரைச் சந்துகளுக்குள் இரவில் வீட்டைத் தேடுவதிலேயே பத்து நிமிடம் போய்விடும்.